காற்றை எதிர்த்து ஓடும் வண்டி



ஆண்டிபட்டிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆடி மாதம் வந்தால் கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் பழமொழி, எங்களுக்கு வானிலை அறிக்கை!

சின்ன வயதில் அந்தக் காற்றில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பனை ஓலையைக் கிழித்து மடித்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, சோளத்தட்டையில் செருகினால் காத்தாடி தயார். சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் மெதுவாகச் சுற்றும். காற்று வரும் திசையைப் பார்த்து ஓடினால் விர்ரென்று சுற்றும். திரும்பிக் காற்றோடு சேர்ந்து ஓடினால் நின்றே போகும். இதில் ஒரு பெரிய பொறியியல் பாடம் ஒளிந்திருக்கிறது என்று அப்போது தெரியாது. கல்லூரி நான்காம் ஆண்டில்தான் தெரிந்தது, அதுவும் ஒரு திட்டு வாங்கிய பிறகு.

நானும் மூன்று நண்பர்களும் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குக் காற்றில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்யலாம் என்று முடிவெடுத்தோம். அதுவும் காற்றை எதிர்த்து ஓடும் வண்டி. மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காற்று பின்னால் தள்ளும். அந்தக் காற்றையே வைத்து முன்னால் போவீர்களா? இது நிரந்தர இயக்க இயந்திரம் மாதிரி இருக்கிறது. முதலில் நகர்த்திக் காட்டுங்கள், பிறகு பேசலாம்."

அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு இந்த வண்டிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது கோபம் போய்விட்டது. ஏனென்றால் 400 ஆண்டுகளாக இதைச் செய்த எல்லோரும் அதே கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

கடற்கரையில் ஓடிய கப்பல்

காற்றை வேலை வாங்குவது தமிழனுக்குப் புதிதல்ல. கரிகாலனைப் பாடும் புறநானூற்றின் 66ஆம் பாட்டு, அவன் முன்னோர் கடலில் காற்றை அடக்கிக் கப்பல் ஓட்டியவர்கள் என்று புகழ்கிறது. ஆனால் அது தண்ணீரில். தரையில் பாய் கட்டி வண்டி ஓட்டிய பெருமை முதலில் சீனர்களுக்குப் போகிறது. சீனாவில் பாய் கட்டிய வண்டிகள் ஓடுகின்றன என்ற செய்தி 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. ஆப்ரகாம் ஓர்ட்டெலியஸ் 1584ல் வெளியிட்ட சீன வரைபடத்தில் அந்த வண்டிகளைப் படமாகவே போட்டிருக்கிறார்கள்.

அந்தச் செய்தியால் கிளர்ச்சி அடைந்தவர்கள் ஹாலந்துக்காரர்கள். அங்கே சைமன் ஸ்டெவின் என்று ஒரு பொறியாளர் இருந்தார். தசம பின்னத்தை ஐரோப்பாவில் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று 1585ல் சின்னப் புத்தகம் எழுதியவர் இவர்தான். இளவரசர் மாரிஸ் என்பவருக்காக 1602 வாக்கில் இரண்டு பாய் வண்டிகளைச் செய்தார். ஸ்கெவெனிங்கன் என்ற கடற்கரையிலிருந்து வடக்கே பெட்டன் வரை, ஏறத்தாழ 80 கிலோமீட்டர், 28 பேரை ஏற்றிக்கொண்டு பெரிய வண்டி 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது என்று சொல்கிறார்கள். குதிரை வண்டிதான் வேகம் என்றிருந்த காலத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர்!

வண்டியில் இருந்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை என்று பெயர் வாங்கிய ஹியூகோ குரோஷியஸ். இன்னொருவர் 1600ல் நடந்த போரில் பிடிபட்டுக் கைதியாக இருந்த ஸ்பெயின் தளபதி மெண்டோசா. எதிரி நாட்டுத் தளபதியை ஏற்றிக்கொண்டு போய் "எங்கள் ஊர்ப் பொறியாளர் செய்ததைப் பார்" என்று காட்டியிருக்கிறார் இளவரசர். பெட்டன் என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவோம்.

அடுத்து ரயில் வந்தது. 1830 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோர் ஓஹயோ ரயில் பாதையில் ஒரு பெட்டிக்குப் பாய் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். பெயர் ஏயோலஸ், கிரேக்கர்களின் காற்றுக் கடவுள், நம்ம வாயு பகவான் மாதிரி. நீராவி எஞ்சின் ஜெயித்துவிட்டதால் பாய் வண்டி வேடிக்கைப் பொருளாகிப்போனது. 1898ல் பெல்ஜியம் நாட்டு டி பான் கடற்கரையில் டூமோன் சகோதரர்கள் பாய் வண்டியை விளையாட்டாக ஓட்டத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அது ஐரோப்பாவில் ஒரு விளையாட்டு.

இந்த விளையாட்டில் வேகத்துக்குக் குறைச்சலே இல்லை. 2009 மார்ச் 26 அன்று ரிச்சர்ட் ஜென்கின்ஸ் என்பவர் கிரீன்பேர்ட் என்ற வண்டியில் அமெரிக்காவின் ஒரு காய்ந்த ஏரியில் மணிக்கு 202.9 கிலோமீட்டர் போனார். 2022 டிசம்பரில் நியூசிலாந்துக் குழுவின் ஹொரோனுகு என்ற வண்டியை கிளென் ஆஷ்பி ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் ஏரியில் ஓட்டி 222.4 கிலோமீட்டரைத் தொட்டார். வீசிய காற்று அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். பாய் விமான இறக்கை மாதிரி வேலை செய்வதால், காற்றுக்குக் குறுக்கே போகும்போது காற்றை விடப் பல மடங்கு வேகம் கிடைக்கிறது.

ஆனால் இந்த எல்லா வண்டிகளுக்கும் ஒரு குறை. காற்று வரும் திசையைப் பார்த்து நேராகப் போக முடியாது. இடமும் வலமும் வளைந்து வளைந்துதான் போகவேண்டும். திறந்த கடலிலும் ஏரியிலும் வளையலாம், ஆண்டிபட்டி கடைவீதியில் முடியுமா? :-)

மாணவர்கள் களத்தில் இறங்கினார்கள்

இங்கேதான் 2008 வருகிறது. அந்த ஆகஸ்ட் மாதம் ஹாலந்தின் டென் ஹெல்டர் நகரத்தில் "ரேசிங் ஏயோலஸ்" என்ற பந்தயம் முதல் முறையாக நடந்தது. டென் ஹெல்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஸ்டெவினின் வண்டி போய் நின்ற பெட்டனுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில்! ஸ்டெவின் விட்ட இடத்திலிருந்து 400 ஆண்டுகள் கழித்து மாணவர்கள் தொடர்ந்த மாதிரி இருக்கிறது.

விதிகள் எளிமையானவை. ஒரு ஓட்டுநர் இருக்கவேண்டும். பாய் கூடாது, சுழலிதான் சக்கரத்தை ஓட்டவேண்டும். நேராகக் காற்றை எதிர்த்து ஓடவேண்டும். மின்கலத்தில் ஆற்றலைச் சேமிக்கலாம், ஆனால் தொடக்கத்தில் காலியாக இருக்கவேண்டும், நிரப்பும் நேரமும் பந்தய நேரத்தில் சேரும். மதிப்பெண் வண்டியின் வேகத்துக்கு இல்லை. வண்டியின் வேகத்தைக் காற்றின் வேகத்தால் வகுத்து எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். இதனால் ஒருவருக்குப் புயல், இன்னொருவருக்குத் தென்றல் என்ற புகாருக்கு இடமில்லை.

முதல் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், கீல், ஃபிளென்ஸ்பர்க், டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஹாலந்தின் ஆற்றல் ஆய்வு மையம் ஆகிய இடங்களிலிருந்து குழுக்கள் வந்தன. ஸ்டுட்கார்ட் மாணவர்களின் வென்டோமொபில் என்ற மூன்று சக்கர வண்டி முதல் பரிசு வாங்கியது. காற்றாலையைப் படுக்க வைத்துச் சக்கரம் மாட்டியதுபோல் இருக்கும்.

ஆனால் முதல் சில ஆண்டுகளில் யாராலும் காற்றின் வேகத்தை எட்ட முடியவில்லை. இறக்கையின் வடிவம், பற்சக்கர விகிதம், வண்டியின் எடை என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் குறைத்தார்கள். மூத்த மாணவர்கள் படித்து முடித்துப் போனார்கள், அடுத்த தொகுதி வண்டியை வாங்கிக்கொண்டது. கடைசியில் 2016 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியால் நகர மாணவர்களின் சினூக் என்ற வண்டி 102.45 சதவீதத்தைத் தொட்டது. அதே போட்டியில் டென்மார்க் மாணவர்கள் 101.76. எட்டு ஆண்டு உழைப்பு! எதிரே வரும் காற்றை விட வேகமாக, அந்தக் காற்றாலேயே ஓடிக் காட்டிவிட்டார்கள்.

இது எப்படி முடியும்?

சரி, குழுவில் கேட்ட கேள்விக்கு வருவோம். கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான்.

காற்று வினாடிக்கு 6 மீட்டர் வீசுகிறது. வண்டி அதை எதிர்த்து 3 மீட்டர் வேகத்தில் போகிறது. சுழலிக்குத் தெரியும் காற்று 6 + 3 = 9 மீட்டர். (ஓலைக் காத்தாடியோடு காற்றைப் பார்த்து ஓடியது ஞாபகம் வருகிறதா?) சுழலியைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை 10 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். சுழலிக்குக் கிடைக்கக்கூடிய திறன் அதிகபட்சம் 10 × 9 = 90 வாட். அந்த 10 நியூட்டனைச் சமாளித்து வண்டியை 3 மீட்டர் வேகத்தில் நகர்த்தத் தேவையான திறன் 10 × 3 = 30 வாட். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வீணானாலும் வண்டி ஓடும்!

வண்டியும் காற்றும் சம வேகம் என்றால்? சுழலிக்கு 12 மீட்டர், 120 வாட். தேவை 60 வாட். உராய்வு முதலியவற்றை விட்டுவிட்டாலும் பாதித் திறனாவது சக்கரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அந்தப் பாதியைத் தாண்டத்தான் மாணவர்களுக்கு எட்டு ஆண்டு பிடித்தது.

இது ஏன் நிரந்தர இயக்க இயந்திரம் இல்லை? ஏனென்றால் ஆற்றல் சும்மா வரவில்லை. காற்று ஓடுகிறது, தரை நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே வேக வித்தியாசம் இருக்கிறது. வண்டி ஒரு கையால் காற்றையும் ஒரு காலால் தரையையும் பிடித்துக்கொண்டு அந்த வித்தியாசத்தை உறிஞ்சுகிறது. காற்று நின்றால் வண்டியும் நின்றுவிடும்.

பத்தாயிரம் டாலர் பந்தயம்

இதன் எதிர்ப்பக்கம் இன்னும் வேடிக்கை. காற்று போகும் திசையிலேயே, காற்றை விட வேகமாகப் போக முடியுமா? ஆண்ட்ரூ பாயர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969ல் ஒரு வண்டி செய்து ஓட்டிக் காட்டினார். ஆனாலும் பலர் நம்பவில்லை. ரிக் கவல்லாரோ என்பவர் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பிளாக்பேர்ட் என்ற வண்டியைச் செய்தார். 2010 ஜூலை 2 அன்று கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் காய்ந்த ஏரியில், காற்றின் திசையிலேயே காற்றைப்போல் 2.8 மடங்கு வேகம் போனது. தரைப் பாய்மர விளையாட்டுச் சங்கம் அளந்து சான்று கொடுத்தது. அதில் சுழலி சக்கரத்தை ஓட்டவில்லை, சக்கரம் சுழலியை விசிறியாக ஓட்டியது. 2012ல் அதே வண்டியை மாற்றி அமைத்துக் காற்றை எதிர்த்து ஓட்டினார்கள், 2.1 மடங்கு! மேலே போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், 68 சதவீதத் திறன் வேண்டும்.

சான்று வந்து 11 ஆண்டுகளுக்குப் பிறகும் சந்தேகம் ஓயவில்லை. 2021ல் டெரெக் முல்லர் என்பவர் அந்த வண்டியை ஓட்டிக் காணொளி வெளியிட்டார். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் அலெக்சாண்டர் குசென்கோ "முடியவே முடியாது" என்று 10,000 டாலர் பந்தயம் கட்டினார். கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார். எனக்கு இதில் பிடித்தது யார் ஜெயித்தார் என்பதல்ல. பேராசிரியராக இருந்தும் தவறு என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டாரே, அதுதான். எங்கள் குழுவில் சந்தேகப்பட்டவர் மேல் இருந்த கோபம் போனதும் இதைப் படித்துத்தான். சந்தேகம் குற்றம் இல்லை. ஓட்டிக் காட்டவேண்டியது நம் வேலை.

நம்ம ஊர்க் காற்று

இப்போது ஆண்டிபட்டிக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் காற்று புகுந்து வரும் கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, சந்து கிடைத்த இடத்தில் நுழைந்து, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக எங்கள் பக்கம் பாய்கிறது. ஆண்டிபட்டியிலிருந்து க.விலக்கு வழியாகத் தேனிக்குப் பஸ்ஸில் போனால் வரிசையாகக் காற்றாலைகள் தெரியும். எங்கள் அப்பத்தாவுக்கு அவையும் "காத்தாடி"தான். "ஓலைக் காத்தாடிக்கு முள்ளு, இதுக்கு எம்புட்டுப் பெரிய ஆணி வச்சிருப்பாங்க?" என்று கேட்கும்.

இந்தக் காற்றை அளந்து சொன்னவர்களில் முக்கியமான ஒருவர் எங்கள் பக்கத்து மலைக்காரர். குமுளி தாண்டினால் பீர்மேடு. அங்கே 1918ல் பிறந்தவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வேலை செய்து, லண்டனில் வானிலைக் கருவிகளைக் கற்று, 1948ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. நாடு முழுக்கக் காற்று எங்கே எவ்வளவு வீசுகிறது என்ற விவரங்களைத் திரட்டி 1983ல் புத்தகமாகக் கொடுத்தார். அந்த மாதிரி அளவுகள் கையில் இருந்ததால்தான் காற்றாலையை எங்கே நடுவது என்று முடிவு செய்ய முடிந்தது. 1986ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணை வந்தது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இன்னொரு கதையும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் மார்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்க இளைஞர் மதுரைப் பக்கம் தண்ணீர் இறைக்கக் காற்றாடி ஒன்றைச் செய்தார். என்ன பொருளால்? மாட்டு வண்டிச் சக்கரம், மூங்கில், துணிப் பாய், பழைய கார் அச்சு! சக்கரத்தில் மூங்கிலைக் கட்டி, அதில் முக்கோணத் துணியை மாட்டினால் காற்றாடி. வண்டிச் சக்கரத்தைக் காற்றாடியாக்கினார் அவர். நாங்கள் காற்றாடியை வண்டியாக்கப் பார்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினான்கு அடி

எங்கள் மாதிரி வண்டியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. பி.வி.சி. குழாயை அறுத்து இறக்கை, கை டிரில்லின் பற்சக்கரம், பழைய பொம்மைக் காரின் சக்கரம். போன ஆடியில் ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத தார்ச் சாலையில் வைத்தோம். முதல் நாள் வண்டி கம்பீரமாகப் பின்னால் போனது! மாடு மேய்க்க வந்த அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, திருப்பி வைங்க, முன்னால போகும்" என்றார்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தவறு புரிந்தது. சக்கரம் பெரிது. சுழலி ஒரு சுற்று சுற்றினால் வண்டி அதிக தூரம் போகவேண்டியிருந்தது, அதனால் தள்ளும் விசை போதவில்லை. மறுநாள் பாதி அளவுச் சக்கரம் மாட்டினோம். வண்டி ஒரு நிமிடம் நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு பலமான காற்று வந்தது. எங்கள் முகத்தில் மண்ணை அள்ளி வீசிய அந்தக் காற்றைப் பார்த்து, வண்டி முன்னால் நகர்ந்தது. பதினான்கு அடி போய் ஒரு கல்லில் மோதிக் கவிழ்ந்தது. நாங்கள் நான்கு பேரும் கத்திய கத்தில் அண்ணனுடைய மாடுகள் மிரண்டு ஓடியதுதான் மிச்சம்.

அதைக் கைபேசியில் படம் பிடித்துக் குழுவிடம் காட்டினோம். கேள்வி கேட்ட ஆசிரியர் மூன்று முறை போட்டுப் பார்த்தார். "சரி, ஆள் உட்கார்ந்து போகிற மாதிரி செய்ய எவ்வளவு ஆகும்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. பணமும் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் வரத் தொடங்கிவிட்டன. நால்வரில் இரண்டு பேர் அடுத்த ஆடிக்குச் சென்னையில் இருப்பார்கள்.

ஆனால் டென் ஹெல்டர் கதையில் நான் கற்றது இதுதான்: 2008ல் தொடங்கியவர்கள் யாரும் 2016 வரை மாணவர்களாக இருந்திருக்க முடியாது. அவர்கள் விட்டுப்போனது வண்டியை மட்டுமல்ல, அளந்து எழுதி வைத்த நோட்டையும்தான். அன்னா மணி செய்ததும் அதுவே. இந்தூர் பக்கம் பீதம்பூரில் 2007 முதல் மாணவர்கள் பாஹா வண்டி ஓட்டுகிறார்கள். கோயம்புத்தூர் பந்தயத் தடத்துக்கு நாடு முழுக்க இருந்து மாணவர்கள் வண்டி கொண்டுவருகிறார்கள். காற்றில் ஓடும் வண்டிக்கு ஒரு பந்தயம் வைக்க, கம்பம் பள்ளத்தாக்கை விடப் பொருத்தமான இடம் எது?

எனவே நாங்களும் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். முதல் பக்கத்தில் "பின்னால் போனது, காரணம் சக்கரம்" என்று எழுதியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் "14 அடி". மூன்றாம் பக்கம் காலியாக இருக்கிறது. ஜூனியர் தம்பி தங்கைகளே, அது உங்களுக்குத்தான். யார் வீட்டிலாவது பழைய சைக்கிள் ரிம் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஆடி வருவதற்குள் வேண்டும்!